படம் இல்லாத டிரெய்லருக்கு முழுக்கதை எதற்கு?

"டிரெய்லர் மட்டுந்தானே அண்ணே எடுக்கப் போறோம், அதுக்கு எதுக்கு முழுக்கதை?"

தரம் பன்னிரண்டில் படிக்கிற பிள்ளை ஒன்று கேட்டது இது. கேள்வியில் பிழை ஒன்றுமில்லை. தொடர்பாடலும் ஊடகக் கற்கையும் பாடத்துக்கு ஒரு குழு ஒப்படை: குடும்ப நாடகப் படம் ஒன்றுக்கு ஒன்றரை நிமிட டிரெய்லர். படத்தை யாரும் கேட்கப் போவதில்லை, இருக்கிற மாதிரி காட்டினால் புள்ளி கிடைக்கும். நான் மாத்தளையில் கலியாண வீடியோ எடிட் பண்ணிப் பிழைக்கிறவன். "ஹைலைட்ஸ்" என்று நாங்கள் கொடுக்கிற மூன்று நிமிடமும் ஒரு டிரெய்லர்தான், முடிவு மட்டும் ஊருக்கே தெரியும். அந்தத் தகுதியில்தான் என்னைத் தேடி வந்தார்கள்.

வந்தபோது கொப்பியில் மூன்று கதை எழுதியிருந்தது. ஒன்று, பஸ் நிலையத்தில் தொடங்கி அங்கேயே அடிதடியில் முடிகிற காதல். இரண்டாவது, பழைய துரை பங்களாவில் ஒரு வெள்ளைக்காரியின் ஆவி. மூன்றாவது, ஐஸ் போதைக்குப் பழகின மாணவன், ஆஸ்பத்திரிக் கட்டில், கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் ஓர் அறிவுரை. முதல் இரண்டும் பரவாயில்லை. அந்த வயதில் அப்படித்தான் வரும், எனக்கும் வந்தது. மூன்றாவதில்தான் எரிச்சல் வந்தது. டீச்சருக்குப் பிடிக்கும் என்று கணக்குப் போட்டு எழுதியது அது. போதை பற்றிப் படம் எடுக்கக் கூடாது என்று சொல்ல வரவில்லை. ஆனால் இவர்கள் அறிவுரையை முதலில் எழுதிவிட்டு, அதைச் சுமக்க ஒரு பையனைத் தேடியிருக்கிறார்கள்.

"இந்தப் பொடியனுக்கு என்ன வேணும்?"

"திருந்தணும் அண்ணே."

"அது டீச்சருக்கு வேணும். அவனுக்கு?"

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

கொப்பியின் அடுத்த பக்கத்தில் ஷொட் பட்டியலும் தயாராக இருந்தது. புகைக்குள் இருந்து நடந்து வருவது, கண்ணீர் குளோசப், கண்ணாடி உடைவது, தாய் மயங்கி விழுவது, நடுவில் "டூம்" என்று ஒரு சத்தம். யாருடைய கண்ணீர் என்று கேட்டேன். அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். முழுக்கதை எதற்கு என்ற கேள்விக்குப் பதில் இதுதான். டிரெய்லர் என்பது பொறுக்கி எடுக்கிற வேலை. பொறுக்குவதற்கு நம்மிடம் ஒன்றும் இல்லாவிட்டால், ஏற்கெனவே பார்த்த படங்களில் இருந்துதான் கை பொறுக்கும்.

படத்தில் இருந்து ஒரு துண்டுகூட வெட்டாமல் டிரெய்லர் செய்தவர்களும் உண்டு. 1960இல் 'சைக்கோ'வுக்கு ஹிட்ச்கொக் செய்தார். ஆறு நிமிடத்துக்கு மேல் ஓடும். அவரே அந்த மோட்டலையும் வீட்டையும் சுற்றிக்காட்டிக்கொண்டு வருவார், இந்தப் படிக்கட்டில் என்ன நடந்தது தெரியுமா என்று தொடங்கி, சொல்லி முடிக்காமல் அடுத்த அறைக்குப் போய்விடுவார். கடைசியில் குளியலறைத் திரையை இழுக்கும்போது கத்துகிறவர் படத்தில் அந்த இடத்தில் வருகிற ஜெனட் லீ இல்லை, வேரா மைல்ஸ். அந்த டிரெய்லருக்கென்றே புதிதாக எடுத்தது. இப்படி விளையாட முடிந்ததற்குக் காரணம், எந்த அறையில் எதைச் சொல்லாமல் விடவேண்டும் என்பது அந்த மனுசனுக்கு அத்துப்படி. தலைகீழாக நடந்ததும் உண்டு. 2007இல் 'கிரைண்ட்ஹவுஸ்' படத்தோடு பகிடிக்கு ஓடவிட்ட 'மசேட்டி' டிரெய்லர், 2010இல் முழுப்படமாகவே வந்தது. நம் பக்கத்தில் பாலாஜி மோகனின் 'காதலில் சொதப்புவது எப்படி' குறும்படமாகத் தொடங்கி 2012இல் தியேட்டருக்கு வந்தது. சின்னதாகச் செய்கிறோம், அதனால் கதையும் சின்னதாகப் போதும் என்று இவர்களில் யாரும் நினைத்ததாகத் தெரியவில்லை.

"அதெல்லாம் அமெரிக்கா, சென்னை" என்றான் ஒருவன். அவனுக்காகவே மாத்தளை கார்த்திகேசுவின் பெயரைச் சொன்னேன். கேள்விப்பட்டிருக்கவில்லை. பேரிலேயே ஊரைச் சுமந்த நாடகக்காரர். 1980இல் 'அவள் ஒரு ஜீவநதி' என்று முழுநீளப் படமே தயாரித்தார். அதற்கும் முன்னால், 1963இலேயே மலையகத் தோட்டத்தை வைத்து 'தோட்டக்காரி' வந்துவிட்டது. எழுபதுகளின் கடைசியில் இலங்கைத் தமிழ்ப் படங்கள் நல்ல ஓட்டத்தில் இருந்தன. 1983 ஜூலைக் கலவரத்தில் ஹெந்தளை விஜயா ஸ்டூடியோ எரிந்தது, உள்ளே இருந்த படச்சுருள்களும் சேர்ந்து எரிந்தன. நம் முத்துமாரியம்மன் கோயிலும் அந்த ஜூலையில் நெருப்பைப் பார்த்ததுதான். அந்த ஓட்டத்தில் வந்த படங்களைத் தேடினால் இன்று சுவரொட்டியாவது அகப்படுமா என்கிற நிலை. இதைக் கேட்டுவிட்டு ஒரு பிள்ளை, "அப்ப இப்ப நம்மகிட்ட இருக்கறது படம் இல்லாத டிரெய்லர்தானே" என்றாள். சிரித்துவிட்டேன். சிரிக்கிற விசயம் இல்லைதான்.

கதைக்கு வருவோம். நாடகப் படம் என்றால் யாராவது அழவேண்டும் என்று இவர்கள் நினைக்கிறார்கள். நான் கேட்டது வேறு: இரண்டு பேர் சண்டை போடவேண்டும், இரண்டு பேர் பக்கமும் நியாயம் இருக்கவேண்டும். அப்படி ஒரு சண்டையை எங்கே பார்த்திருக்கிறீர்கள் என்றதும், பின்னால் இருந்தவன், "காமன் கூத்துல" என்றான். நான் யோசிக்காத இடம்.

தோட்டத்துக் காமன் கூத்தைத் தெரியாதவர்களுக்காக: மாசியில் அமாவாசை கழிந்து மூன்றாம் பிறையில் கம்பம் ஊன்றுவார்கள். பௌர்ணமியை ஒட்டிய இரவில் காமன் எரிவான். கீழே டவுனில் முத்துமாரியம்மனுக்கு ஐந்து தேர் இழுக்கிற மாசி மகமும் பெரும்பாலும் அதே நிலவுக்குத்தான். சிவனுடைய தவத்தைக் கலைக்கச் சொல்லி மன்மதனுக்குத் தூது வருகிறது. போகவேண்டாம் என்கிறாள் ரதி. கூத்தில் சிவன் அவளுக்குத் தகப்பன், அந்தத் தகப்பனே எதிரில் இருப்பது அவளுக்குத் தெரியும், கனவும் சரியில்லை. மன்மதன் போகாமல் இருக்க முடியாது, கூப்பிட்டது தேவர்கள். தர்க்கம் நடக்கும், தப்பு முழங்கும், விடிய விடிய சனம் உட்கார்ந்திருக்கும். அவன் எரியப் போகிறான் என்பது மடியில் கிடக்கிற குழந்தைக்கும் தெரியும். முடிவைச் சொன்னால் சுவாரசியம் போய்விடும் என்று டிரெய்லர் வெட்டுகிறவர்கள் பயப்படுவதை நினைத்தால் எனக்கு இந்தச் சனம்தான் ஞாபகத்துக்கு வரும். அவர்கள் பார்க்க வருவது, அவள் எப்படித் தடுக்கப் போகிறாள், அவன் எந்த முகத்தோடு கிளம்பப் போகிறான் என்பதை.

"இன்னைக்கி ஒங்க லயத்துல யாருக்குத் தூது வருது?" என்று கேட்டேன்.

ஒரு நிமிசம்கூட ஆகவில்லை. "வெளிநாட்டு ஏஜென்சிக்காரன்" என்றாள், அதுவரை வாயே திறக்காத பிள்ளை. அவளுடைய சின்னம்மாவுக்குப் படிவம் நிரப்பிக் கொடுத்தவள் அவள்தான்.

அந்தப் படிவத்தின் பெயர் குடும்பப் பின்னணி அறிக்கை. 2013இல் வந்தது. ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை இருந்தால் தாய் வீட்டுவேலைக்கு வெளிநாடு போகமுடியாது என்றார்கள். அதற்கு மேல் வயது என்றால், பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் இருப்பதாகக் காட்டவேண்டும். 2022இல் டொலர் இல்லாமல் நாடே வரிசையில் நின்றபோது அந்த ஐந்தை இரண்டாகக் குறைத்தார்கள். இதை வைத்துக் கட்டின நம் கதையில் தம்பிக்கு நாலு வயது. 2013இன் விதிப்படி அம்மா போகவே முடியாது. இப்போது முடியும், பார்த்துக்கொள்ள ஆள் இருந்தால். யார் அந்த ஆள்? பேருக்கு அம்மாயி. அம்மாயிக்குக் கண் சரியாகத் தெரியாது. மெய்யாகவே பார்க்கப்போவது சாதாரணதரம் எழுதி நல்ல பெறுபேறு எடுத்து, உயர்தரத்துக்கு டவுன் பாடசாலையில் இடம் கிடைத்திருக்கிற மகள்.

ஜீ.எஸ்., அதாவது கிராம சேவகர், வீட்டுக்கு விசாரிக்க வருகிறார். நல்ல மனுசன், சிங்களம் மட்டும்தான் பேசுவார். அம்மாவுக்கு அரைகுறையாகத்தான் விளங்கும். நடுவில் நின்று இரண்டு பக்கமும் மாற்றிச் சொல்வது மகள். பிள்ளையைப் பார்க்கப்போவது யார் என்று அவர் கேட்கிறார். உள்ளதைச் சொன்னால் அம்மா போகமுடியாது. அம்மாயி என்று சொன்னால் இவளுடைய உயர்தரம் அத்தோடு சரி. அம்மா என்ன சொன்னாலும் அதை அப்படியே சொல்வதா இல்லையா என்பது இவள் வாயில் இருக்கிறது.

கெட்டவன் என்று ஒருத்தன்கூட இல்லாத கதை. ஏஜென்சிக்காரனைக் கள்ளனாக்கலாமா என்று கேட்டார்கள். வேண்டாம் என்றேன். அவனைக் கள்ளனாக்கினால் அம்மா ஏமாளியாகிவிடுவாள், அப்புறம் சண்டையில் அவள் பக்கம் நியாயம் இருக்காது.

அவள் பக்கத்து நியாயத்தைப் பேச்சே இல்லாமல் எப்படிக் காட்டுவது? இங்கேதான் மாத்தளை கைகொடுத்தது. மலையகம் என்றால் கொழுந்துக்கூடை என்று வெளியில் நினைக்கிறார்கள். நம் மாவட்டத்தில் உக்குவளைப் பக்கம் றப்பர், கொக்கோ, மிளகு எல்லாம் உண்டு. இந்த அம்மா பால் வெட்டுகிறவள். விடியக்காலையில் வெட்டவேண்டும். மரம் நனைந்திருந்தால் வெட்டமுடியாது, பால் கோட்டில் நிற்காமல் பட்டையெல்லாம் வழிந்துபோகும். வெட்டின பிறகு மழை பிடித்தால் சிரட்டைக்குள் தண்ணீர் விழுந்து அன்றைய பால் வீண். வெட்டு இல்லாவிட்டால் பேர் இல்லை, அதாவது அன்றைய நாள் சம்பளம் இல்லை; ரொம்பக் கெஞ்சினால் வேறு வேலைக்கு அரைப்பேர். ஆகவே முதல் ஷொட்: மரத்தில் கட்டின சிரட்டை, அரைவாசிக்கு வெள்ளைப் பால். ஒரு துளி மழை விழுகிறது, இன்னொன்று, பிறகு சடசடவென்று. வெள்ளை கலங்கி, விளிம்பு தாண்டி வழிகிறது. நாலு விநாடி. கடன், அடகு, கடைக் கணக்கு என்று அவர்கள் எழுதிவைத்திருந்த ஒரு பக்க வசனத்தை அந்த நாலு விநாடி தின்றுவிட்டது.

வசனத்தைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். முதலில் எழுதியிருந்தது: "அம்மா! என்னைத் தவிக்க விட்டுட்டுப் போயிடாதீங்கம்மா! உங்க பாசம்தான் என்னோட உலகம்!" இதை உங்கள் வீட்டில் யாராவது பேசிக் கேட்டிருக்கிறீர்களா என்றால் எல்லாரும் நெளிகிறார்கள். போனைக் கீழே வைத்துவிட்டு இரண்டு பேரை எதிரெதிரே உட்காரவைத்தேன். ஒருத்தி அம்மா, ஒருத்தி மகள். எழுதாமல் பேசச் சொன்னேன். கொஞ்ச நேரம் சிரிப்பு. பிறகு வந்தது:

"ரெண்டு வருசந்தான்."

"தம்பிக்கு நாலு வயசும்மா."

அதற்கு மேல் அந்தக் காட்சிக்கு ஒன்றும் தேவைப்படவில்லை. மாத்தளை சோமு, மாத்தளை வடிவேலன், மலரன்பன் மூன்று பேரும் சேர்ந்து 1980இல் போட்ட 'தோட்டக்காட்டினிலே' சிறுகதைத் தொகுப்பைத் தேடிப் படியுங்கள் என்று சொல்லியிருக்கிறேன். நம் பேச்சை அச்சில் பார்த்தால் கூச்சம் போகும்.

இடம் தெரிவுசெய்வதில்தான் பெரிய சண்டை. எல்லாருக்கும் றிவஸ்டன் வேண்டும். பனிமூட்டம், காற்று, பிட்டவல பத்தனைப் புல்வெளி, மகள் கைவிரித்து நிற்பது. ஒருவனுடைய மச்சானிடம் டிரோன் இருக்கிறதாம். டிரோனுக்குச் சிவில் விமான சேவைகள் அதிகாரசபையில் பதிவும் அனுமதியும் வேண்டும் என்று சொல்லி அதை நிறுத்தினேன். ஆனால் உண்மைக் காரணம் அதுவல்ல. 1982இல் டுரான் டுரான் என்ற பிரித்தானிய இசைக்குழு 'சேவ் எ பிரேயர்' பாட்டுக்கு நம் சிகிரியா உச்சியில் நின்று ஆடிவிட்டுப் போனது. உலகமெல்லாம் பார்த்தது, அழகாகத்தான் இருக்கும். அவர்களுக்கு இந்த மாவட்டம் பின்னால் விரிக்கிற படுதா. இந்தப் பிள்ளைகளும் அதையே செய்தால், சிரட்டையில் மழை விழுந்தால் என்ன நட்டம் என்று தெரிந்தவர்கள் எடுத்த படம் என்பதற்கு என்ன அடையாளம்? அந்த மகள் றிவஸ்டனுக்கு எப்போது போனாள், பஸ் காசு யார் கொடுத்தது?

ரயிலும் அப்படித்தான் கழிந்தது. கண்டியில் இருந்து 1880இல் வந்த பாதை மாத்தளையோடு முடிகிறது. தண்டவாளம் முடிகிற இடத்தில் மகள் நிற்க, ரயில் அம்மாவைக் கொண்டுபோகிற ஷொட் கண்ணுக்கு நன்றாகத்தான் இருக்கும். எனக்கே ஆசை வந்தது. ஆனால் கொழும்பு ஏஜென்சிக்குக் காலை பத்துக்கு வரச்சொன்னால் தோட்டத்து ஆள் விடியப்புறம் ஓட்டோவில் டவுனுக்கு இறங்கி பஸ்தான் பிடிப்பாள். ஓட்டோவின் பின்கண்ணாடிப் பொலித்தீன் வழியாகத் தெரிகிற லயம், அது போதும். அழகு குறைவு. ஆனால் நம் ஆட்கள் பார்த்தால் ஒரு விநாடியில் விளங்கிக்கொள்வார்கள்.

அமெரிக்கத் தியேட்டர்காரர் சங்கம் 2014இல் டிரெய்லர் இரண்டு நிமிடத்தைத் தாண்டவேண்டாம் என்று வழிகாட்டி போட்டது, அதற்கு முன் இரண்டரை நிமிடம் வழக்கம். நமக்கு ஒன்றரை. கடைசியில் கரும்பலகையில் எழுதினது கிட்டத்தட்ட இப்படி. முதல் கால்வாசி: சிரட்டை, பிரட்டுக்களத்தில் அம்மா காத்திருந்து திரும்புவது, பெறுபேறு வந்த போனை லயமே கைமாற்றிப் பார்ப்பது. பிறகு ஏஜென்சிக்காரனின் மோட்டார் சைக்கிள், மேசையில் படிவம், "ரெண்டு வருசந்தான்." அதன் பின் ஷொட்டுகள் குறுகவேண்டும்: மகள் புதுச் சீருடைத் துணியை மடித்து உள்ளே வைப்பது, அம்மாயி ஊசிக்கு நூல் கோக்கத் தடவுவது, தம்பி வெளிக்கதவை மறித்து உட்கார்ந்திருப்பது. முதலில் அம்மாயி தடுக்கி விழுகிற மாதிரி எழுதியிருந்தார்கள். நூலே போதும் என்று மாற்றியது அந்தப் பேசாத பிள்ளை. கடைசியில் ஜீ.எஸ். பேனாவைத் திறந்து கேள்வியைக் கேட்கிறார். அம்மா தமிழில் பதில் சொல்கிறாள். அவர் மகளைப் பார்க்கிறார். அவள் வாயைத் திறக்கும்போது வெட்டு. 'அரைப்பேர்' என்று தலைப்பு.

இசைக்கு ஒருவன் ஏதோ ஒரு இந்தியப் படத்துப் பின்னணியை இறக்கி வைத்திருந்தான். பதிப்புரிமை ஒரு பக்கம், அந்த வயலின் வந்தவுடன் எல்லாமே வேறு யாருடைய படமோ ஆகிவிடுகிறது. தப்பு போடலாம் என்றார்கள். நல்ல யோசனை, ஆனால் காமன் கூத்துக்கு ஓர் அடி, சாவுக்கு ஓர் அடி. மாற்றிப் போட்டால் தோட்டத்தில் ஏச்சு விழும். தப்படிக்கிற தாத்தா ஒருவர் குழுவிலேயே ஒருவனுக்கு இருக்கிறார், தலைப்பு வரும்போது மட்டும் அவர் அடிப்பார். மற்றபடி தகரத்தில் விழுகிற மழைச் சத்தம்.

முடிவு என்ன என்று அவர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை. டிரெய்லரில் அது வராதே, ஏன் தெரியவேண்டும் என்று மறுபடியும் அதே கேள்வி. மகளாக நடிப்பவள் வாயைத் திறக்கிற அந்த அரை விநாடியில் எந்தச் சொல்லை வைத்துக்கொண்டு திறப்பாள்? அவளுக்காவது தெரியவேண்டுமே. தஞ்சாவூர்ப் பக்கத்து லாவணியில் காமன் எரிந்தான் என்று ஒரு கட்சி, எரியவில்லை என்று ஒரு கட்சி பிரிந்து பாடுவார்களாம். இங்கேயும் அப்படித்தான் ஆகிவிட்டது. உள்ளதைச் சொல்வாள் என்கிற கட்சியில் பொடியன்கள் எல்லாம். பொய் சொல்வாள் என்கிற கட்சியில் பெண் பிள்ளைகள், அதிலும் வெளிநாட்டில் தாய் இருக்கிற இரண்டு பேர் ரொம்பப் பிடிவாதம். நான் வாய் திறக்கவில்லை. இரண்டு கட்சியும் ஒத்துக்கொள்ளும் வரைக்கும் கமராவைக் கொடுக்க மாட்டேன் என்று மட்டும் சொல்லியிருக்கிறேன்.

ஜீ.எஸ். வேடத்துக்குப் பாடசாலையில் சிங்களம் படிப்பிக்கிற சேரைக் கேட்டிருக்கிறார்கள். வில்லனாகக் காட்டக் கூடாது என்ற நிபந்தனையோடு சம்மதித்துவிட்டார். சனிக்கிழமை மழை பெய்தால் சிரட்டை ஷொட் எடுக்கலாம். பெய்யாவிட்டால் அடுத்த சனிக்கிழமை.